பேட்டா இல்லாத நாடு

தம்பி சாம், நீ என் மகளைப் படிக்கக் கூப்பிடவில்லை. உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லாத ஆள் கூப்பிட்டாய்.

இதை வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்திருக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். தீர்த்திருக்கலாம்தான். ஆனால் நீதான் முதலில் தெருவுக்குக் கொண்டுபோனாய். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஸ்ரீவைகுண்டத்துப் பெரியப்பா வீடு முதல் தூத்துக்குடிச் சின்னம்மா வீடு வரை எல்லோரும் பார்க்கும்படி எழுதினாய். அக்காவுக்குத் திமிராம். தம்பி வீட்டுச் சோறு கசக்கிறதாம். அதனால் இருந்த ஒரே லாரியையும் விற்று மகளை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டாளாம். அதற்குக் கீழே பல பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். எதற்குக் கைகூப்பினோம் என்று அவர்களுக்கே தெரியாது.

எனக்குக் கைபேசியில் தட்டி எழுத வராது. ஒன்றைத் தட்டினால் இன்னொன்று வந்து நிற்கும். இந்தப் பத்திரிகையில் வாரம் இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். நீ பர்மிங்காமில் உட்கார்ந்து இதைப் படிக்கிறாய் என்றும் தெரியும். அதனால் இந்த வாரம் லாரிக் கதை இல்லை. உன் கதைதான்.

கரும்பலகை

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தச்சநல்லூரில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன். சரக்கு வைத்திருப்பவருக்கு லாரி பிடித்துக் கொடுப்பது, லாரி வைத்திருப்பவருக்குச் சரக்கு பிடித்துக் கொடுப்பது, நடுவில் கமிஷன் வாங்குவது. அவ்வளவுதான் தொழில்.

ஆபீசில் ஒரு கரும்பலகை உண்டு. இடது ஓரத்தில் ஊர்ப்பெயர்கள். மேலே மஞ்சள் பெயிண்டில் நாலு தலைப்பு: வாடகை, டீசல், டோல், பேட்டா. பேட்டா என்றால் டிரைவரும் கிளீனரும் வழியில் சாப்பிடுவதற்குக் கொடுக்கிற காசு. எந்த ஊருக்கு லோடு போனாலும் இந்த நாலையும் பார்க்காமல் நான் வாய்திறக்க மாட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நேராக ஆபீசுக்கு வந்தோம். என் மகள் ஜெபா பாளையங்கோட்டையில் பட்டப்படிப்பு முடித்திருந்தாள். மேலே ஆற்று நீர் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் கேட்ட படிப்பு நம் பக்கத்தில் இல்லை. வடக்கே இரண்டு இடத்தில் எழுதிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இரண்டு மூன்று இடத்திலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று முடிவு செய்யத்தான் அந்தக் கூட்டம்.

ஜெபா ஊர்ப்பெயர்களை அழித்தாள். சென்னை, கொச்சி, பெங்களூரு எல்லாம் போயின. அந்த இடத்தில் இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, மலேசியா என்று எழுதினாள். மேலே இருந்த தலைப்புகள் பெயிண்ட் என்பதால் அழியவில்லை. சரி, அதிலேயே போடு என்றேன். வாடகைக் கட்டத்தில் கல்லூரிக் கட்டணம். டீசலில் விமான டிக்கெட். டோலில் விசா, இன்சூரன்ஸ் வகையறா. பேட்டாவில் சாப்பாடும் தங்கலும்.

பக்கத்துக் கடை மைதீன் அண்ணாச்சி தார்ப்பாய் வியாபாரம் செய்கிறவர். எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஜெர்மனிக்கு லோடு கெடச்சிருக்கா?"

"லோடு இல்ல அண்ணாச்சி, ஜெபா போறா."

"போறது சரி. ரிட்டன் லோடு உண்டுமா?"

"அண்ணாச்சி!" என்றாள் ஜெபா.

"கோவிச்சுக்கிடாத தாயி. தாமிரவரணித் தண்ணியக் குடிச்சு வளந்த பிள்ள, தண்ணியப் படிக்க அம்புட்டுத் தூரம் போணுமாங்கேன்."

"குடிக்கத்தான் தெரியும் அண்ணாச்சி நமக்கு. அத வச்சுக் காப்பாத்தத் தெரியலைல்லா."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மண்டபத்தில் நாலு நாடு

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் டவுணில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளிநாட்டுப் படிப்புக் கண்காட்சி நடந்தது. போயிருந்தோம். நாட்டுக்கு ஒரு மேசை. மேசைக்கு ஒரு கோட்டு போட்ட பையன். எல்லா மேசையிலும் எங்கள் நாடுதான் மலிவு என்றார்கள். ஒரே மண்டபத்தில் நாலு நாடும் எப்படி மலிவாக இருக்கும் என்று கேட்டேன். பேனா கொடுத்தார்கள்.

கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவு. ஜெர்மனியில் அவளுக்கு இடம் கிடைத்த கல்லூரியில் கட்டணம் அனேகமாக இல்லை. ஆனால் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும். படிப்பு இரண்டு வருஷம். இங்கிலாந்தில் படிப்பு ஒரே வருஷம். ஆனால் கட்டணம் தலையைச் சுற்றும். அதோடு ஆஸ்பத்திரிக்கென்று ஒரு தொகையை விசாவோடேயே கட்டிவிட வேண்டும், காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும். ஆஸ்திரேலியாவில் கட்டணமும் அதிகம், சாப்பாடும் அதிகம், வருஷமும் இரண்டு. மலேசியா கைக்கெட்டும் விலைதான். படிப்புதான் ஜெபா கேட்டது இல்லை.

எனக்கு அயல்நாட்டுக் காசு மனதில் நிற்காது. லாரியில் சொன்னால் புரியும். எங்களிடம் அப்போது ஒரு பழைய லாரி சொந்தமாக இருந்தது. ஜெர்மனி என்றால் அந்த லாரியும் அதற்கு மேல் கொஞ்சமும். ஆஸ்திரேலியா என்றால் அதைப் போல மூன்று. இங்கிலாந்து, ஊர் உலகத்துக்கு இரண்டு லாரி.

எங்களுக்கு மட்டும் ஒரு லாரிதான். ஏனென்றால் அங்கே நீ இருந்தாய், சாம்.

சோற்றுக்குக் கணக்கு

கரும்பலகையில் இங்கிலாந்தின் பேட்டாக் கட்டம் வந்தபோது ஜெபா நிறுத்தினாள்.

"எம்மா, இதுல என்ன போட?"

போனில் நீ இருந்தாய். மேசைமேல் சாய்த்து வைத்திருந்தோம். நீதான் கத்தினாய்.

"ஏட்டி, மாமா வீட்டுச் சோத்துக்கு வெல எழுதப் போறியா? வெக்கமா இல்ல? கோடு போடுட்டி!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஜெபா கோடு போட்டாள்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். சொந்தக்காரர் வீட்டில் தின்ற சோற்றுக்குக் கணக்கு எழுதக் கூடாது. கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம் தங்கினாலும், ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மாதம் கிடந்தாலும், படிக்க வந்து மூன்று வருஷம் இருந்தாலும் அதுதான் நியாயம். எழுதினால் உறவு போச்சு. நல்ல வழக்கம்தான். அதனால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் படித்து மேலே வந்திருக்கின்றன.

கூட்டிப் பார்த்தோம். இங்கிலாந்து ஒரு வருஷத்தில் முடியும், பேட்டா இல்லை. ஜெர்மனிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. இங்கிலாந்து கொஞ்சம் குறைவு. என் வீட்டுக்காரர் தங்கராஜ் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். அதிகம் பேச மாட்டார். "இங்கிலாந்துன்னா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம், சொந்த மாமா இருக்கான்லா" என்றார். ஜெபாவும் சரி என்றாள். அவளுக்கு ஜெர்மனிப் படிப்புதான் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். எங்களுக்காகச் சரி என்றாள்.

அத்தை வீட்டு மூன்று வருஷம்

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். சாமுக்குத் தெரிந்த கதைதான். அவன் மறந்திருப்பான்.

அப்பா ஸ்ரீவைகுண்டத்தில் குத்தகைக்கு வாழை போட்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் முடித்ததும் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுத்தோம் தெரியுமா? படிப்பைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்க்கவில்லை. பாளையங்கோட்டையில் அத்தை வீடு இருந்தது. அத்தை வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எந்தக் கல்லூரியோ அதுதான் என் கல்லூரி. அங்கே எந்தப் பாடத்தில் இடம் இருந்ததோ அதுதான் என் பாடம்.

அத்தை கெட்டவள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். தன் பிள்ளைகளுக்கு வைத்த மீன் துண்டைவிட எனக்குச் சின்னதாக வைத்ததில்லை. ஆனால் விடிவதற்கு முன்னால் தண்ணீர் பிடிக்க என்னைத்தான் எழுப்புவாள். இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் நான் வகுப்புக்கு ஓட வேண்டும். சாயங்காலம் மாவாட்டல். என் புத்தகங்களில் பாதி அடுப்படியில் படித்ததுதான். இன்றைக்கும் அவற்றைத் திறந்தால் சீரகம் மணக்கும்.

மூன்றாவது வருஷம் பரீட்சை நேரத்தில் அத்தைக்குப் பேறுகாலம் வந்தது. பத்தியச் சாப்பாடு யார் வைப்பது? நான்தான். இரண்டு பரீட்சைக்குப் போக முடியவில்லை. ஒரு வருஷம் கழித்துத்தான் எழுதினேன். அந்த ஒரு வருஷத்தில் கேட்டு வந்த ஒரு வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "மூணு வருஷம் அத்தை சோறு போட்டாள்" என்று மட்டும் பேசினார்கள்.

சாம் என்னைவிட ரொம்ப இளையவன். அவன் கல்லூரிக்குப் போகும்போதும் அதே அத்தை, அதே வீடு, அங்கேயேதான் இருந்தது. ஆனால் அப்பா அவனை விடுதியில் சேர்த்தார். வாழைத்தார் விற்ற காசு முழுக்க விடுதிக்குப் போயிற்று. ஏன் என்று அம்மா கேட்டாள்.

"அங்கன பிள்ளையள் சத்தமா கெடக்கும். பையன் எப்படிப் படிப்பான்?" என்றார் அப்பா.

நான் அப்போது கதவுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அணைக்காத மைக்

சரி, கதைக்கு வருவோம்.

இங்கிலாந்துக்கு முன்பணம் கட்ட வேண்டிய வாரம். மறுநாள் வங்கிக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின சாயங்காலம் சாம் கூப்பிட்டான். ஜெபாவுக்கு எந்த அறை, ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். நல்ல அறைதான். அதில் ஏற்கெனவே ஒரு தொட்டில் கிடந்தது. எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பிறகு போனை எங்கேயோ வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனான். திரையில் கூரை மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் அவன் மனைவி ஷீலாவின் குரல் கேட்டது.

"நர்சரியில பிள்ளையள விடுதத இந்த மாசத்தோட நிறுத்திருவோம்னு சொல்லிரவா? ஜெபா வந்துருவால்லா."

"பைய சொல்லு. டிக்கெட் போடட்டும் மொதல்ல" என்றான் சாம்.

நானும் ஜெபாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் திரும்பி வந்து போனை எடுத்தான். அதே சிரிப்பு.

"ஏலே சாம், நர்சரிய எதுக்குல நிறுத்துத?"

சிரிப்பு போயிற்று.

"அது ஒண்ணுமில்லக்கா. வீட்டுல நம்ம ஆளு இருக்கும்போது அடுத்தவன்ட்ட எதுக்கு விடணும்னு ஷீலா நெனைக்கா."

"அவ படிக்க வருதாளா, பிள்ள வளக்க வருதாளா?"

"ரெண்டுஞ் செய்யலாம்லா. கிளாஸ் என்ன, வாரத்துல மூணு நாளு. மத்த நேரம் சும்மாதான இருப்பா?"

"அந்த மத்த நேரத்துலதான் படிக்கணும்."

"அக்கா, நீ அத்த வீட்டுல இருந்து படிக்கலையா? அத்த பிள்ளையள நீதான வளத்த? இப்ப நல்லாத்தான இருக்க?"

அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "மூதி, போன வையில" என்று சொல்லி அணைத்துவிட்டேன்.

ஜெபா போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்:

"பிள்ளையளப் பாத்துக்கிட மாட்டேன்னு இல்லம்மா. மாமா மொதல்லயே கேட்டிருந்தா, சனி ஞாயிறு பாத்துக்கிடுதேன்னு நானே சொல்லிருப்பேன். கேக்காமலே முடிவு பண்ணி வச்சுட்டாவளே. அதான்."

அதான். அவள் சொன்னதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆபீசைத் திறந்து உள்ளே போனேன். கரும்பலகையில் இங்கிலாந்தின் பேட்டாக் கட்டத்தில் அந்தக் கோடு அப்படியே இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பேட்டா இல்லாமல் லாரி எடு என்று எந்த டிரைவரிடமாவது சொல்லியிருந்தால் சாவியை முகத்தில் எறிந்திருப்பான். என் மகளுக்கு மட்டும் கோடு போட்டு அனுப்பப் பார்த்தோம், மூன்று பேருமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டு.

கோட்டை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தில் 'ஜெபா' என்று எழுதினேன். பின்னால் வந்து நின்ற தங்கராஜ் அதைப் பார்த்தார்.

"அப்ப ஜெர்மனிதான் மலிவு" என்றார்.

அவர் அன்றைக்குப் பேசிய ஒரே வார்த்தை அதுதான். போதும்.

லாரி போனது

லாரியை விற்றோம். கோவில்பட்டிக்காரர் ஒருவர் எடுத்தார். குறைந்ததற்கு வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கினோம். பணத்தை அந்தப் பூட்டுக் கணக்கில் போட்டோம்.

ஊரே துக்கம் கேட்டது. சொந்த லாரி இல்லாமல் புக்கிங் ஆபீசா என்று. உள்ளதைச் சொல்கிறேன், லாரி போன பிறகு எனக்கு உடம்பு லேசாக இருக்கிறது. டயர் வெடித்தது, எஃப்.சி. தகுதிச் சான்று முடிந்தது, டிரைவர் ஊருக்குப் போய்விட்டான் என்று போன் வருவதில்லை. கமிஷன் வருகிறது, கடன் தவணை போகிறது, மீதியில் குழம்பு வைக்கிறோம். மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குகிறேன். என் வயதில் தூங்காமல் எப்போது தூங்குவது?

ஜெபா போய் ஒரு குளிர்காலம் தாண்டிவிட்டது. நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறார்கள். ஒருத்தி கேரளம், ஒருத்தி துருக்கி, இன்னொருத்தி அந்த நாட்டுக்காரி. குளியலறை கழுவுவது யார் முறை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். முறை மாறி ஒரு நாளும் யாரும் இவளைக் கழுவச் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் டின் வாங்கிச் சொதி வைத்திருக்கிறாள். நாலு பேரும் தின்று சட்டியை வழித்துவிட்டார்களாம்.

"முருங்கக்கா இல்லம்மா. பீன்ஸ் போட்டேன்."

"அது சொதியே இல்லட்டி."

"துருக்கிக்காரிக்குத் தெரியவா போகுது?"

அவள் ஊரிலும் ஆறு ஓடுகிறது. தினம் ஒரு தடவை அதன் மட்டத்தை அளந்து எழுதுகிற வேலையைப் பேராசிரியர் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மூக்கெல்லாம் சிவந்து, ஒரு கம்பைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நிற்கிற படம் அனுப்பினாள். அதை ஆபீசில் மாட்டியிருக்கிறேன். மைதீன் அண்ணாச்சி பார்த்துவிட்டு, "நம்ம தாமிரவரணி குறுக்குத்துறையிலயும் இதே மாதிரிக் கம்பு பிடிச்சு நிக்கலாமே தாயி, இம்புட்டுக் குளிராதே" என்றார். வந்து நிற்பாள் அண்ணாச்சி. அவளே சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமைகளில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள். தட்டு கழுவுகிறாள், மேசை துடைக்கிறாள். அத்தை வீட்டில் நான் செய்த அதே வேலைதான். மாதக் கடைசியில் அவளுக்குக் கூலி வருகிறது. முதல் கூலியில் எனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பினாள். தச்சநல்லூர் வெயிலில் அதை எங்கே போடுவது? இருந்தாலும் ஒரு நாள் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை எழுத உட்காரும்போதும் மனது நிறைவாகத்தான் இருக்கிறது. கோபம் வேறு, குறை வேறு.

பதில் வேண்டும்

சாம், நீ எனக்கு எதிரி இல்லை. அப்பா படுக்கையில் கிடந்தபோது நீ அனுப்பிய பணத்தை நான் மறக்கவில்லை. உன் பிள்ளைகள் ஊருக்கு வந்தால் என் வீட்டில்தான் தங்குவார்கள். சோற்றுக்குக் கணக்கு எழுத மாட்டேன். தட்டுக் கழுவவும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அக்கா வீண் செலவு செய்தாள் என்று எல்லோர் முன்னாலும் எழுதினாய். இரண்டு நாட்டையும் கூட்டிப் பார்த்து, இங்கிலாந்துதான் மலிவு, அதை விட்டுவிட்டாள் என்று கணக்குச் சொன்னாய். கணக்கு என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒரு கட்டம் காலியாகக் கிடக்கிறது.

ஜெபா வரவில்லை என்றதும் ஷீலா வேலையை விட்டுவிட்டாளா? இல்லை. இன்றைக்கும் போகிறாள், சின்னம்மா சொன்னாள். அப்படியானால் உன் இரண்டு பிள்ளைகளையும் பகலில் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நீ மாதம் என்ன கொடுக்கிறாய்?

குழுவில் எழுதாதே, அங்கே கைகூப்பிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குத் தனியாகப் போன் செய்யாதே. நான் எடுக்க மாட்டேன். இந்தப் பத்திரிகைக்கு எழுது. உன் பெயர் போட்டு, ஓர் எழுத்து மாற்றாமல், இதே பக்கத்தில் போடுவதாக ஆசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார். விளக்கம் வேண்டாம், வேதவசனம் வேண்டாம், அம்மாவை இழுக்க வேண்டாம்.

அந்த ஆளுக்கு மாதம் எவ்வளவு, சாம்? தொகையை எழுது.